கண்ட பெட்டியைத் தொடலாமா? திருகோணமலைக் கரையில் ஒரு ஜியோகேஷிங் பொதி

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரமாக வந்தவர்கள் அதோடு போய்விடலாம். விளையாட்டுக்கு ஐந்தில் நாலரை. கைக்கருவிக்கு நான்கு. பெட்டிகளுக்கு இரண்டு. பெட்டியில் ஒட்டுவதற்கென்று கொடுத்த ஸ்டிக்கருக்குப் பூச்சியம். மறை எண் போட இடமிருந்தால் அதையும் போட்டிருப்பேன்.

என் தங்கையின் மகள் டொரொன்டோவில் இருக்கிறாள். ஆடி மாத விடுமுறைக்குத் தன் பதினொரு வயதுப் பையனோடு வந்தவள், வழக்கமாகக் கொண்டுவரும் சட்டைத்துணிக்குப் பதிலாக இந்த முறை ஒரு பொதியை நீட்டினாள். "முப்பத்தொரு வருடம் நிலம் அளந்துவிட்டீர்கள் மாமா, இனி அளந்த நிலத்தில் கொஞ்சம் விளையாடுங்கள்" என்றாள். உள்ளே நான்கு பக்கமும் கொளுவி மூடும் பிளாஸ்டிக் பெட்டிகள் மூன்று, சட்டைப்பைக்குள் அடங்கும் குறிப்புப் புத்தகங்கள் மூன்று, பென்சில்கள், ஒரு தாள் நிறைய ஸ்டிக்கர், விசில், பம்பரம், ரப்பர் தவளை என்று ஒரு பிடி விளையாட்டுச் சாமான். நாற்பது கனேடிய டொலராம். கூடவே அவள் படிக்கிற காலத்தில் பாவித்த ஜிபிஎஸ் கைக்கருவி ஒன்று. உள்ளங்கைக்குள் அடங்கும், இரண்டு பென்டோர்ச் பற்றரியில் ஓடும், விழுந்தாலும் உடையாது. விழுத்திப் பார்த்தபின்தான் சொல்கிறேன்.

விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒருவர் பெட்டியை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் ஆள்கூற்றை, அதாவது அகலாங்கையும் நெட்டாங்கையும், வெளியிடுவார். மற்றவர்கள் கருவியைப் பிடித்துக்கொண்டு தேடிப்போய், உள்ளே இருக்கும் புத்தகத்தில் பெயரும் திகதியும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டும். உள்ளேயிருந்து ஒரு பொருளை எடுத்தால் அதே பெறுமதியோ கூடிய பெறுமதியோ உள்ள இன்னொன்றை வைக்கவேண்டும். நாம் சிறுவயதில் ஒளித்துப் பிடித்து விளையாடினோமே, அதில் ஆள் ஒளிவதற்குப் பதில் பெட்டி ஒளிகிறது. சிலர் தமிழில் 'புதையல் வேட்டை' என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாது. மண்ணைத் தோண்டிப் புதைப்பதை இந்த விளையாட்டின் விதியே தடுக்கிறது.

இது பிறந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. ஜிபிஎஸ் செய்மதிகளின் சமிக்ஞையை அமெரிக்கா பொதுமக்களுக்கு வேண்டுமென்றே கெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. நூறு மீற்றர் வரை பிழை வரும். 2000ஆம் ஆண்டு மே 2ஆம் திகதி அந்தக் கெடுதலை நிறுத்தினார்கள். மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஒறிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மரங்களுக்குள் வைத்து, ஆள்கூற்றை இணையத்தில் போட்டார். வாளிக்குள் புத்தகம், மென்பொருள், ஒரு கவண், ஒரு டின் அவரை. சில நாட்களுக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்த வாளி காட்டில் இருந்த அதே மாதத்தில் நான் திருகோணமலையில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். சோதனைச் சாவடியில் நின்று, அளவைக் கருவியின் முக்காலியை ஒவ்வொரு காலாக நீட்டி, அது முக்காலிதான் என்று நிரூபித்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் பார்த்தால் அது வேறொன்றின் கால் போலத் தெரியுமாம்.

இந்தப் பொதியைப் பற்றி நான் சொல்லவிருக்கும் குறையெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. பெட்டிகள் மூன்றும் பச்சையும் மண்நிறமும் கலந்த உருமறைப்பு நிறம். இலைக்குள் தெரியாமல் இருக்கவேண்டுமாம். அமெரிக்காவில் இந்த விளையாட்டுக்காரர்கள் மிகவும் விரும்பும் பெட்டி எது என்று மருமகளைக் கேட்டேன். இராணுவம் கழித்துவிட்ட தோட்டாப் பெட்டி என்றாள். இரும்பு, தண்ணீர் புகாது, மலிவு. நான் வாயைத் திறக்கவில்லை. தோட்டாப் பெட்டியைக் கற்பாறைக்குள் ஒளித்துவிட்டு, இன்ன இடத்தில் வைத்திருக்கிறேன் என்று ஊருக்கு அறிவிப்பதற்கு, ஒருவர் எவ்வளவு அமைதியான ஊரில் பிறந்திருக்கவேண்டும்!

முதல் நாள் டச்சுக் குடாவுக்குப் போனோம். காலை ஆறரை மணி. மருமகள் முந்தின நாள் மாலையே பெட்டியை ஒளித்துவிட்டு, ஆள்கூற்றை ஒரு துண்டில் எழுதித் தந்திருந்தாள். வடக்கு 8 பாகை 34.520 கலை என்று தொடங்கியது. ஒரு பாகைக்கு அறுபது கலை. நான் அதைக் கருவியில் 8.34520 என்று தட்டிவிட்டேன். அம்புக்குறி கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி, 27 கிலோமீற்றர் என்றது. கிண்ணியாவையும் தாண்டி எங்கோ வயல்வெளிக்குள். பையன் என்னை ஒருமுறை பார்த்தான், கருவியை ஒருமுறை பார்த்தான். "தாத்தா, நீங்கள் உண்மையாகவே நில அளவையாளரா?" என்று கேட்டான்.

ஆகவே வாங்குகிறவர்களுக்கு முதல் அறிவுரை: இந்த விளையாட்டில் ஆள்கூறு பாகை, கலை, கலையின் மூன்று தசமம் என்றுதான் வரும். கருவியில் அந்த அமைப்பைத் தெரிவுசெய்துவிட்டுத் தட்டுங்கள். மூன்றாவது தசமத்தில் ஒன்று மாறினால் எங்கள் ஊரில் ஏறக்குறைய 1.8 மீற்றர் மாறும். வடக்குத் தெற்கிலும் அவ்வளவுதான், கிழக்கு மேற்கிலும் அவ்வளவுதான். நாம் மத்திய கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் வந்த வசதி இது. டொரொன்டோவில் கிழக்கு மேற்காக அதே ஒன்று 1.3 மீற்றர்தான். இதைப் பையனுக்கு மணலில் கோடு கீறி விளக்கினேன். நில அளவையாளன் என்பதை அதற்குப் பிறகுதான் ஒப்புக்கொண்டான்.

தொழில்காரர்களுக்கு மட்டும் இன்னொன்று. நம் பழைய வரைபடங்கள் நீர்கொழும்புப் பக்கத்துக் கந்தவளையை ஆதாரமாகக் கொண்டவை. பழக்கத்தில் அந்த ஆதாரத்தைக் கருவியில் போட்டுவிடாதீர்கள். விளையாட்டு, ஜிபிஎஸ் பாவிக்கும் உலகப் பொது ஆதாரமான டபிள்யூஜிஎஸ் 84இல் நடக்கிறது. இரண்டுக்கும் இடையில் நிலத்தில் சில நூறு அடி வித்தியாசம் வரும். அவ்வளவு தூரம் தள்ளிப்போய்த் தேடினால் கடலுக்குள் நிற்பீர்கள்.

கருவியைப் பற்றி மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். திறந்த மணற்கரையில் பிழை 3 மீற்றர் என்று காட்டியது. நடந்து சரிபார்த்தேன், பொய் சொல்லவில்லை. வானம் முழுதும் திறந்திருந்தால் செய்மதிகள் நாலா பக்கமும் தெரியும். இடத்தைக் கணிக்கக் குறைந்தது நான்கு வேண்டும். பாறைச்சுவரின் அடியில் நின்றால் கதை வேறு. பாதி வானம் மறைந்துவிடும். போதாக்குறைக்குச் சமிக்ஞை பாறையில் பட்டுத் தெறித்துச் சுற்றிவளைத்து வந்து சேரும். வந்த நேரத்தை வைத்துத்தான் கருவி தூரத்தைக் கணிக்கிறது; சுற்றி வந்த சமிக்ஞை கூடுதல் தூரத்தைச் சொல்லும். கோணேசர் மலையின் நிழல் விழும் பக்கத்தில் அம்புக்குறி சாமி வந்தவள் போல ஆடியது. அப்படி ஆடினால் கருவியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள். 'நான் ஒளிப்பதானால் எங்கே ஒளிப்பேன்' என்பதுதான் கடைசிப் பத்து மீற்றருக்கான கருவி. கைத்தொலைபேசியும் போதும்தான், ஆனால் ஆடி வெயிலில் திரை தெரியாது, ஈரக்கையால் தொட்டால் கேட்காது, பாறையில் விழுந்தால் அழவேண்டும். இந்தக் கைக்கருவி அப்படியல்ல. ஒரு மதிப்பெண் குறைத்தது, பொத்தான்களில் உப்புப் படிந்து அழுத்த மறுப்பதற்காக.

இனி அந்தப் பெட்டி. பையன்தான் கண்டான். குடாவின் ஓரத்தில் இரண்டு பாறைகளுக்கிடையே முழங்கை போகுமளவு வெடிப்பு. உள்ளே பச்சையாக ஏதோ. "இருக்கிறது!" என்று குந்தியவன், கையை உள்ளே விட்டான்.

"தொடாதே!"

கத்தியது நான்தான். கத்திய பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவன் தோளைப் பிடித்து இழுத்ததில் அவனுக்குக் கை சிராய்த்துவிட்டது. சின்னச் சின்னச் சிப்பிகள் அப்பிய பாறை, அரம் போல. பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த இருவர் எழுந்து நின்று பார்த்தார்கள். அவர்களும் கிட்ட வரவில்லை. என் வயதுக்காரர்கள்.

பையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிடக்கும் பொதியைத் தொடாதே, காலால் தட்டாதே, யாரிடமாவது சொல் என்று எங்களுக்கு பஸ்ஸிலும் பள்ளிக்கூடத்துச் சுவரிலும் எத்தனை வருடம் சொல்லித் தந்தார்கள் என்பதை அவனுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? பெட்டி இருக்கும் இடத்தைத் தேடிப்போய்த் தொடுவதே விளையாட்டு என்றால், எங்கள் கை அதற்குப் பழகவில்லை. மருமகள்தான் நிலைமையைச் சமாளித்தாள். பெட்டியைத் தானே எடுத்து, வலைக்காரர்களிடம் கொண்டுபோய்த் திறந்து, ரப்பர் தவளையைக் காட்டினாள். ஒருவர் சிரித்தார். மற்றவர், "தங்கச்சி, நிறத்தை மாற்றுங்கள்" என்றார்.

பொதியைச் செய்தவர்களுக்கு நான் எழுத நினைத்ததை அவர் இரண்டே சொல்லில் சொல்லிவிட்டார்.

அன்று பின்னேரமே பெட்டிகளைக் கழித்தோம். வீட்டில் இருந்த, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற கண்ணாடி நிறச் சாப்பாட்டுப் பெட்டி இரண்டை எடுத்தோம். அழியாத மையால் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் 'இது விளையாட்டுப் பெட்டி, திறந்து பார்க்கலாம்' என்று எழுதி, என் தொலைபேசி இலக்கத்தையும் போட்டோம். பொதியோடு வந்த ஸ்டிக்கரில் ஆங்கிலம் மட்டும்தான் இருந்தது. அதுவும் இரண்டாம் நாளே உரிந்து பாறையில் ஒட்டிக்கொண்டது. அங்கே நன்றாக ஒட்டியிருக்கிறது.

எங்கே வைப்பது என்பது அடுத்த தலையிடி. வரைபடத்தை விரித்தால் திருகோணமலை முழுக்கக் குடாவும் முனையும் பாறையுமாக, இந்த விளையாட்டுக்கென்றே செய்தது போல இருக்கும். விதிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள். கோட்டைக்குள் இராணுவம். மலைமேல் கோயில், வழிபாட்டு இடத்தில் ஒளித்துவைக்க எனக்கே மனம் வராது. உள்துறைமுகக் கரையில் கடற்படை. புறாத்தீவு தேசியப் பூங்கா, அங்கே எதையும் விட்டுவிட்டு வரக்கூடாது. உப்புவெளியும் நிலாவெளியும் மணல், ஒளிக்க மறைவில்லை. கடைசியில் குச்சவெளியில் என் பழைய சிநேகிதரின் தென்னந்தோட்டம் கரையைத் தொடுகிற இடத்தில், அவருடைய அனுமதியோடு, ஒரு பாறைக்கூட்டத்தில் வைத்தோம். நில உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்பதும் விளையாட்டின் விதிதான். நான் எழுதியிருந்தாலும் அந்த விதியைத்தான் முதலில் எழுதியிருப்பேன். பொதுப் பட்டியலில் நாங்கள் சேர்க்கவில்லை, குடும்பத்துக்குள் வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது பெட்டியின் கதை சிறியது. டச்சுக் குடாப் பக்கமே சிநேகிதர் ஒருவரின் வேலியோரத்தில், மழைக்கென்று பொலித்தீன் பையில் சுற்றி வைத்தோம். பையன் எனக்குத் தெரியாமல் உள்ளே இரண்டு எள்ளுருண்டை வைத்திருக்கிறான். உணவுப்பொருள் வைக்கக்கூடாது என்பது ஏன் விதியாக இருக்கிறது என்று மறுநாள் காலை விளங்கியது. கோட்டை மான்கள் ஊருக்குள் வலம் வருவது எல்லாருக்கும் தெரியும். பெட்டி உருண்டு கிடந்தது, பை இல்லை. மான் ஒன்று தெருவோரம் நின்று எதையோ மென்றுகொண்டிருந்தது. பொலித்தீன் அந்த மான்களின் வயிற்றுக்குள் போவது இந்த ஊரில் ஏற்கெனவே பெரிய தொல்லை. அதில் என் பங்கும் சேர்ந்துவிட்டதே என்று இன்னும் உறுத்துகிறது. பை சுற்றாதீர்கள். நல்ல மூடியுள்ள பெட்டிக்குப் பை தேவையில்லை. மூடி சரியில்லாத பெட்டியைப் பை காப்பாற்றாது.

மலைமேல் நின்றபோது, கீழே தெரிகிற கடலுக்குள்தான் 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுழியோடிப் பழைய கோயிலின் இடிபாடுகளைக் கண்டார்கள் என்று பையனுக்குச் சொன்னேன். அதே கிளார்க்தான் 1945இல், ஆகாயத்தில் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும் செய்மதிகள் மூலம் உலகத்தோடு பேசலாம் என்று எழுதியவர். உன் கையில் இருக்கும் கருவி கேட்கிற செய்மதிகள் வேறு வகை, ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் ஓடிக்கொண்டேயிருப்பவை, ஆனாலும் செய்மதியை நினைத்த மனிதன் இந்தப் பாறைக்கடியில் எதையோ தேடிக் கண்டான் பார் என்று, என்னால் முடிந்தவரை அழகாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, மதியம் என்ன சாப்பாடு என்றான்.

பெட்டியே இல்லாத ஒரு வகையும் இந்த விளையாட்டில் இருக்கிறது. 2004இல் தொடங்கிய 'எர்த்கேஷ்'. ஓரிடத்துக்குப் போய், அங்குள்ள பாறையையோ ஊற்றையோ பார்த்து, அளந்து, கேள்விக்குப் பதில் எழுதி அனுப்பவேண்டும். ஒளிப்பதற்கும் இல்லை, தொடுவதற்கும் இல்லை. எங்கள் ஊருக்கு இதுதான் தோது. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கும் வெப்பமானியோடு போய், எது எவ்வளவு சூடு என்று எழுதச் சொன்னால் எந்தப் பிள்ளைக்குப் பிடிக்காது? கோணேசர் மலையில் உள்ள பிளவான இராவணன் வெட்டைப் பார்த்து, பாறை ஏன் இப்படிப் பிளந்தது என்று கேட்டால், புராணத்துக்கு ஒரு பதிலும் பாறையின் வெடிப்பைக் கடல் அரிப்பதற்கு ஒரு பதிலும் வரும். நான் இரண்டுக்கும் மதிப்பெண் கொடுப்பேன்.

கரைக்குப் போகிறவர்களுக்கு: ஒவ்வொரு பெட்டிக்கும் தேடுவதன் கடினம் ஒன்று, நிலத்தின் கடினம் ஒன்று என இரண்டு இலக்கம் போடுவார்கள், ஒன்றிலிருந்து ஐந்து வரை, அரை அரையாக. குச்சவெளிப் பாறைக்குப் பையன் நிலக் கடினம் இரண்டு என்றான். என் முழங்காலைக் கேட்டால் மூன்றரை. பாசி பிடித்த பாறையில் செருப்போடு ஏறவேண்டாம், அடி பிடிக்கும் சப்பாத்து போடுங்கள். வெளிநாட்டு வழிகாட்டிகள் கடற்கரைக்குப் போகுமுன் வற்று நேர அட்டவணையைப் பார்க்கச் சொல்கின்றன. இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஒரு மீற்றர்கூட இல்லை. அதை நம்பிப் பயனில்லை. பார்க்கவேண்டியது காற்றை. ஆடியில் கச்சான் நிலப்பக்கமிருந்து வீசும், காலையில் கடல் குளம் போலக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடை எழுந்தால், ஆடியில் உட்கார்ந்து தேநீர் குடித்த பாறைமேல் அலை ஏறி அடிக்கும். மார்கழி முடியும்வரை பாறைப் பக்கம் போகாதீர்கள்.

நானும் போகவில்லை. தை பிறந்து இரண்டு வாரம் கழித்துத்தான் குச்சவெளிக்கு பஸ் ஏறினேன். பெட்டி இருக்காது என்றுதான் நினைத்தேன். வைத்த இடத்திலிருந்து ஒரு முழம் மேலே, அகலமான வெடிப்புக்குள், கல் ஒன்று முட்டுக்கொடுத்தபடி இருந்தது. அலை தூக்கிக்கொண்டுபோய் வைத்தது என்றால் அலைக்கு நல்ல கைவேலை தெரிந்திருக்கவேண்டும். மூன்று மொழி எழுத்தில் சிங்களமும் தமிழும் இருந்தன; ஆங்கிலம் பாதி அழிந்திருந்தது. திறந்தேன். உள்ளே ஒரு துளி ஈரம், புத்தகத்தின் ஓரம் மட்டும் சுருண்டிருந்தது. நான் பேனாவால் எழுதிய முதல் பக்கம் நீலக்குளம். பையன் பென்சிலால் எழுதியது அப்படியே இருந்தது. ஆகவே பென்சில், எப்போதும் பென்சில்.

அடுத்த பக்கத்தில், எனக்குத் தெரியாத கையெழுத்தில், அதே பென்சிலால்:

"நண்டுக்கு வந்தேன். இது யாருடையது என்று தெரியாது. ஒரு பக்கக் கொளுவி பூட்டாமல் இருந்தது, பூட்டிவிட்டேன். கீழே இருந்தால் கடல் கொண்டுபோய்விடும் என்று மேலே வைத்தேன். விசிலை மகனுக்கு எடுத்துக்கொண்டேன்."

பெயர் இல்லை, திகதியும் இல்லை. விசில் இருந்த மூலையில் வலையில் கட்டும் ஈயக்குண்டு ஒன்று கிடந்தது.

படமெடுத்து டொரொன்டோவுக்கு அனுப்பினேன். அங்கே நடு இரவாக இருந்திருக்கும். ஆனாலும் உடனே பதில் வந்தது. விசிலைவிட ஈயக்குண்டு பெறுமதி கூடியதா குறைந்ததா என்று பையன் கேட்கிறான். சந்தைப் பக்கம் போகும்போது விசாரிக்கவேண்டும்.